பூச்சி கேள்வி–பதில்: ஓலைக்கு அடியில் நூல் கட்டிய முட்டை

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் வெள்ளை ஈ தொல்லை தீரவே இல்லை. இப்போது ஓலைக்கு அடியில் மயிர் போன்ற நூலின் நுனியில் பச்சை நிறத்தில் முட்டைகள் நிற்கின்றன. இது புதுப் பூச்சியா? கள் இறக்கும் மரங்கள் என்பதால் மருந்தடிக்கவும் பயமாக இருக்கிறது.
(தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: மருந்தை அப்படியே வையுங்கள். அது வெள்ளை ஈயைத் தின்ன வந்திருக்கும் ஆள். கண்ணாடி இறக்கைப் பூச்சி என்பார்கள். பச்சை உடம்பு, பொன்னிறக் கண், உடம்பைவிட நீளமான இறக்கை என்று ராத்திரி விளக்கைச் சுற்றுமே, அதன் முட்டைதான் இது. தாய்ப்பூச்சி ஓலையில் ஒரு சொட்டுப் பசையை வைத்து வயிற்றை மேலே தூக்கும். பசை நூலாக நீண்டு உடனே இறுகிவிடும். அதன் உச்சியில் ஒரு முட்டை. எறும்பு எட்டாது என்பது ஒரு லாபம். முதலில் பொரிக்கும் குஞ்சு பக்கத்து முட்டையைத் தின்றுவிடாது என்பது இன்னொன்று, ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி என்றெல்லாம் பார்ப்பதில்லை.

பொரித்த புழு நூல் வழியாக இறங்கி, அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈயின் குஞ்சு என்று மெத்தென்று எது அகப்பட்டாலும் உறிஞ்சிவிடும். சில இனங்களில் புழு தான் தின்ற பூச்சிகளின் தோலையும் மெழுகுத்தூளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். ஓலையில் நகரும் குப்பைக் குவியல் ஏதாவது தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள், அதுவும் உங்கள் ஆள்தான். 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈக்கு எதிராக வேளாண் துறையினர் அபர்டோகிரைசா என்ற இனத்தை வளர்த்துத் தோப்புகளில் விடச் சொல்வதும் இதனால்தான். என்கார்சியா என்ற குட்டிக் குளவியும் கூட இருந்தால் இன்னும் நல்லது. பூச்சிமருந்து தெளித்தால் முதலில் சாவது இவை இரண்டும்தான், வெள்ளை ஈ சீக்கிரமே திரும்பி வந்துவிடும். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணம் படிந்த ஓலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளிக்கலாம், காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். மற்றதைக் கிருஷி பவனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் தெலுங்கில் படித்தேன், இப்போது போட்டித் தேர்வுக்குத் தமிழில் படிக்கிறேன். வலையிறக்கைப் பூச்சிகளில் தட்டான் ஏன் இல்லை? அதன் இறக்கையும் வலை மாதிரிதானே?
(மாணவி, நகரி)

பதில்: உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸும் உங்களைப் போலத்தான் நினைத்தார். வலையிறக்கைப் பூச்சிகளுக்கு (மேலே சொன்ன கண்ணாடி இறக்கைப் பூச்சியும் இதில்தான்) 1758இல் அவர் நியூரோப்டெரா என்ற வரிசையை வகுத்தபோது, நரம்போடிய கண்ணாடி இறக்கை என்று பார்த்துத் தட்டான், ஈசல் மாதிரி ஒருநாள் வாழும் மேஃபிளை, தேள் ஈ எல்லாவற்றையும் அதற்குள் போட்டார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். இறக்கையை வைத்து வகுத்தால் வரும் கோளாறு இது. நிறைய நரம்புள்ள இறக்கை என்பது பழைய பூச்சிகள் பலவற்றுக்கும் பொது, அது சொந்தத்தைக் காட்டாது.

தட்டான் தண்ணீரில் வளர்ந்து, கூட்டுப்புழு ஆகாமலே நேராக இறக்கை முளைத்துக் கிளம்பிவிடும். வலையிறக்கைப் பூச்சிக்கோ முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு நிலை. இந்தக் கணக்கில் அதற்கு நெருங்கிய சொந்தம் வண்டுகள். இன்னும் நெருக்கம் பாம்பு ஈயும் ஆல்டர் ஈயும். அவை தனித்தனி வரிசைகள், வலையிறக்கையோடு மூன்றையும் சேர்த்து நியூரோப்டெரிடா என்பார்கள்.

உண்மையான அடையாளம் புழுவின் வாயில் இருக்கிறது. மேல்தாடையும் கீழ்தாடையும் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாயாக ஆகிவிடும். குத்திப் பிடித்து, செரிமானச் சாற்றை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சும். சுமார் 6,000 இனங்கள், தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனாலும் புழுக்களுக்கு இந்தத் தாடைதான். வயிற்றுக்குள் இன்னொரு வேடிக்கை. நடுக்குடலும் பின்குடலும் இணையாததால் புழு மலம் கழிக்காது, மொத்தத்தையும் சேர்த்துவைத்துப் பூச்சியான பிறகுதான் கழிக்கும். பின்குடல் வழியை அதுவரை பட்டு நூற்கப் பயன்படுத்திக்கொள்ளும். பட்டுப்புழு வாயால் நூற்பதை இது ஆசனவாயால் நூற்கிறது. தேர்வில் கேட்பார்களோ மாட்டார்களோ, எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: குழியானை பெரிதாகித் தும்பி ஆகும் என்கிறான் பேரன். நிஜமா சார்?
(மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்)

பதில்: முக்கால்வாசி சரி. குழியானையும் வலையிறக்கைப் புழுதான். திண்ணையோரப் புழுதியில் பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நகர்ந்து, தலையால் மண்ணை எற்றி எற்றிக் குழி பறிக்கும். சரிவு எந்த அளவுக்குமேல் நிற்காதோ அந்த அளவில் இருப்பதால், உள்ளே கால் வைத்த எறும்பு மண்ணோடு சரியும். ஏறப் பார்த்தால் கீழேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். தீனி கிடைப்பதைப் பொறுத்து மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ இப்படியே இருந்துவிட்டு, மணலும் பட்டும் கலந்த உருண்டைக்குள் கூட்டுப்புழு ஆகும். வெளியே வருவது பார்க்கத் தும்பிதான், ஆனால் தும்பி இல்லை. பேரனிடம் உணர்கொம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்: தும்பிக்கு இருப்பதே தெரியாது, இதற்கு நீண்டு நுனி தடித்திருக்கும். உட்காரும்போது இறக்கையைக் கூரைபோல உடம்பின்மேல் மடித்துக்கொள்ளும், தும்பியால் அது முடியாது. பறப்பதும் தள்ளாடித்தான்.

கேள்வி: விளக்குக்கு வந்த ஒரு பூச்சி முன்பாதி கும்பிடுபூச்சி, பின்பாதி வேறு ஏதோ. கடிக்குமா?
(மறையூர்)

பதில்: மான்டிஸ்பிட். இதுவும் வலையிறக்கைதான், கும்பிடுபூச்சிக்கு உறவே இல்லை. பதுங்கியிருந்து இரையைப் பிடிக்கும் தொழில் ஒன்று என்பதால் முன்கால் அப்படி ஆகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் பல இனங்களின் புழு சிலந்தியின் முட்டைப்பைக்குள் புகுந்து முட்டைகளைத் தின்று வளரும். கைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து வெளியே விட்டுவிடுங்கள்.