ஷிராஸின் துவர்ப்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பத்து வருடமாக அடிலெய்டில் இருக்கிறேன். போன மாதம் பரோசா பள்ளத்தாக்கில் ஒரு சிறிய திராட்சைத் தோட்டத்தில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை ருசித்துப் பார்த்தேன். மிகவும் பிடித்துப்போய், பாட்டில் 45 டாலர் என்று ஆறு வாங்கி வந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறுவடை. சனிக்கிழமை இரவு மட்டன் சுக்காவோடு ஒன்றைத் திறந்தோம். அங்கே குடித்தது இதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடித்தது, தொண்டை எரிந்தது. உடன் வேலை செய்யும் நண்பர், "பத்து வருடம் வை, தேனாகிவிடும்" என்கிறார். உண்மையா? இளம் ஒயினைக் குடித்துப் பார்த்து அது நீடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வைப்பதற்கு எங்களிடம் கராஜ்தான் இருக்கிறது. இன்னொன்று. இந்த ஜனவரியில் எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவளுடைய 18ஆம் பிறந்தநாளுக்கு இதில் ஒன்றை எடுத்துவைக்கலாமா?

கே., அடிலெய்ட்

அன்புள்ள கே.,

மகளுக்கு என் வாழ்த்துகள்.

முதலில் அந்தச் சனிக்கிழமை இரவைப் பார்ப்போம். தோட்டத்தில் உங்களுக்கு ஊற்றிய பாட்டில் அநேகமாகக் காலையிலேயே திறந்து காற்று பட்டிருக்கும். குளிர்ந்த அறையில் 16, 17 டிகிரியில் இருந்திருக்கும். உங்கள் வீட்டில், மார்ச் மாத வெக்கை அடங்காத இரவில், அதே ஒயின் 26 டிகிரிக்குப் போயிருக்கும். அந்தச் சூட்டில் முதலில் மேலே வருவது ஆல்கஹாலின் காந்தல். பரோசா ஷிராஸில் 14.5 சதவீதம் சாதாரணம். அதன்மேல் சுக்காவின் மிளகும் மிளகாயும். ஆட்டுக்கறி ஷிராஸுக்கு நல்ல துணைதான்; கறியின் புரதமும் கொழுப்பும் ஒயினை மிருதுவாக்கும். ஆனால் காரம் எரிச்சலைத் தூக்கிக் காட்டும். அடுத்த பாட்டிலை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காரம் குறைத்த கறியோடு குடித்துப் பாருங்கள்.

இழுத்துப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் அறுசுவையில் அதற்குத் தனி இடமே உண்டு: துவர்ப்பு. பலரும் அதைக் கசப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். வாழைப்பூவைப் பச்சையாக மென்றவருக்கும் கொட்டைப்பாக்கைக் கடித்தவருக்கும் வித்தியாசம் தெரியும். கசப்பு நாக்கில் படும் ருசி. துவர்ப்பு வாய் முழுவதையும் உலர்த்தும் உணர்ச்சி. திராட்சைத் தோலிலும் விதையிலும் ஓக் பீப்பாயின் மரத்திலும் இருக்கும் டானின்தான் அதைத் தருகிறது. இளம் சிவப்பு ஒயினை எடைபோட, நம் பாட்டிகள் கற்றுக்கொடுத்த இந்த ஒரு ருசியைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. துவர்ப்பு மாவு போல மெல்லியதாக வாய் முழுவதும் பரவுகிறதா, இல்லை காய்வெட்டாக ஒரு இடத்தில் கீறுகிறதா என்று பாருங்கள். முதல் வகை காலப்போக்கில் அழகாக அடங்கும். இரண்டாவது வகை பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? டானினும் தோலின் நிறப்பொருளும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்கின்றன. அதில் ஒரு பகுதி மண்டியாக அடியில் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு வருகிறது. கறுப்புப் பழங்களின் வாசனை குறைந்து தோல், புகையிலை, ஈர மண், உலர்ந்த அத்தி என்று வேறு வாசனைகள் எழுகின்றன. உங்கள் நண்பர் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு. துவர்ப்பு குறையும், பழமும் குறையும். ஆல்கஹாலும் புளிப்பும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதனால் இன்றைக்கே ஆல்கஹால் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒயினில், பத்து வருடம் கழித்துப் பழமும் போய் அந்தக் காந்தல்தான் மிஞ்சும். துவர்ப்பும் புளிப்பும் பழமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் இளமையிலேயே. காலம் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பி நான் வைத்த எந்த பாட்டிலும் என்னைக் காப்பாற்றியதில்லை.

இதற்கு எதிராக எல்லோரும் கிரேஞ்ச் என்ற புகழ்பெற்ற ஷிராஸின் கதையைச் சொல்வார்கள். உங்கள் ஊர்க் கதைதான். 1950இல் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனம் தன் ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பிரான்ஸின் போர்தோவில் அவர் 40, 50 வயதான ஒயின்களைக் குடித்துப் பார்த்தார். ஆஸ்திரேலியத் திராட்சையிலும் அப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று தோன்ற, 1951இல் மகிலில் ஷிராஸை வைத்து முதல் சோதனையைச் செய்தார். சில வருடம் கழித்து நிர்வாகத்தினரும் விவரம் தெரிந்தவர்களும் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1957இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் நிறுத்தவில்லை. 57, 58, 59 மூன்று அறுவடையையும் மறைவாகச் செய்தார். புதிய பீப்பாய்க்குப் பணம் கேட்க வழியில்லாத நிலையிலும் செய்தார். அதற்குள் முதல் பாட்டில்கள் முதிர்ந்து வாசனை விரிந்திருந்தன. அதைக் குடித்த பிறகு, 1960இல் அதே நிர்வாகம் மறுபடி செய்யச் சொன்னது.

மகில் உங்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வருடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு கரடுமுரடான இளம் ஷிராஸ் எல்லாம் நாளைய கிரேஞ்ச் என்று நினைப்பது தப்பு. அதில் துவர்ப்புக்கு அடியில் அத்தனை அடர்த்தியான பழம் இருந்தது. ஷூபர்ட்டின் நாக்கு அதைக் கண்டுபிடித்தது, மற்றவர்கள் துவர்ப்போடு நின்றுவிட்டார்கள்.

அந்த அடர்த்தியை வீட்டில் சோதிக்க எளிய வழி உண்டு. பாட்டிலைத் திறந்து ஒரு கோப்பை மட்டும் குடியுங்கள். மூடி வைத்து மறுநாள் ஒரு கோப்பை, மூன்றாம் நாள் ஒரு கோப்பை. இரண்டாம் நாள் பழம் இன்னும் நிறைந்து துவர்ப்பு இளகியிருந்தால் அதற்குள் சரக்கு இருக்கிறது, வைக்கலாம். மறுநாளே தட்டையாகி, புளிப்பும் காந்தலும் மட்டும் இருந்தால் மீதியை இந்த வருடமே குடித்துவிடுங்கள். பாட்டிலுக்குள் நடக்கும் முதிர்ச்சி வேறு, காற்று செய்வது வேறு. என்றாலும் இந்தச் சோதனை எனக்கு அதிகம் பொய் சொன்னதில்லை.

இனி கராஜ். தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள். மெல்பர்னில் என் முதல் வாடகை வீட்டில் கூனவாரா பகுதியின் கேபர்னே சிவப்பு ஒயின் பன்னிரண்டு பாட்டில் வைத்திருந்தேன். சுண்ணாம்புப் பாறைமேல் படர்ந்த செம்மண்ணில் விளைந்தது, இருபது வருடம் தாங்கக்கூடியது. மூன்று கோடை கராஜில் கிடந்தது. வெப்பத்தில் தக்கைகள் மேலெழும்பி ஒயின் கசிந்திருந்தது. திறந்தால் அடுப்பில் காய்ச்சிய ஜாம் வாசனை. பன்னிரண்டையும் கொட்டினேன், இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. உங்கள் ஊரிலோ 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி அடித்தது.

ஒயினுக்குத் தேவை இருட்டும், 13, 14 டிகிரியில் அசையாமல் நிற்கும் குளிர்ச்சியும். ஒயினுக்கென்று விற்கும் சிறிய குளிர்பெட்டி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வீட்டின் நடுவில், வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரியின் அடித்தட்டில், தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். அப்படி வைத்தால் பத்து வருடக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தக்கை என்றால் படுக்கவைக்க வேண்டும். இப்போது பெரும்பாலான ஆஸ்திரேலிய பாட்டில்களைப் போல உங்களுடையதும் திருகு மூடியாக இருந்தால் எப்படி வைத்தாலும் சரி. திருகு மூடி மலிவின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒயினை இன்னும் நிதானமாக, பாட்டிலுக்கு பாட்டில் மாறாமல் முதிரவைக்கிறது.

உங்களிடம் ஐந்து பாட்டில் மீதி. குளிர்காலத்தில் ஒன்றைத் திறந்து அந்த மூன்று நாள் சோதனையைச் செய்யுங்கள். தேறினால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து, அதற்கடுத்தது இன்னும் இரண்டு வருடம் கழித்து. ஒவ்வொரு முறையும் தேதியோடு நான்கு வரி எழுதி வையுங்கள்.

மகளுக்கு இதிலிருந்து எடுத்துவைக்க வேண்டாம். 18 வருடம் என்பது 45 டாலர் ஷிராஸ்களில் மிகச் சிலவே தாண்டும் தூரம், அதுவும் நல்ல குளிர்ச்சியில். அப்புறம், அவள் பிறந்த வருடத்துத் திராட்சையை இப்போதுதான் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பீப்பாயில் கிடந்து பாட்டிலுக்கு வர இரண்டு மூன்று வருடமாகும். அது வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு பரோசாவுக்கோ கூனவாராவுக்கோ போங்கள். நீங்களே ருசித்து, துவர்ப்புக்கு அடியில் பழம் நிறைந்திருக்கும் ஒன்றாகப் பார்த்து, ஒன்றரை லிட்டர் பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டிலில் முதிர்ச்சி மெதுவாக நடக்கும். அதற்குள் அந்தக் குளிர்பெட்டியையும் வாங்கிவிடுங்கள்.