கேள்வி பதில்: பழைய அச்சுப் புவியியல் நூல்கள்

கேள்வி: முதன்முதலில் அச்சான புவியியல் நூல்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறீர்கள். அவற்றில் நாடும் கடலும் தப்பும் தவறுமாகத்தானே இருக்கின்றன? அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பதில்: அந்தத் தப்பு எப்படித் திருந்தியது என்று கண்ணால் பார்க்கத்தான். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமியின் புவியியல் நூல் 1475இல் இத்தாலியின் விசென்சாவில் முதன்முதலாக அச்சானது. அதில் படமே கிடையாது. ஊர்ப் பெயர்களும் அவற்றுக்கான பாகைக் கணக்கும்தான். இரண்டு வருடம் கழித்து போலோஞாவில் செப்புத்தகட்டில் செதுக்கிய படங்களோடு வந்தது. தாலமி சொன்ன உலகத்தில் இந்தியா தெற்கே கூராக நீளாது, கரை ஏறக்குறைய நேராகப் போய்விடும். தப்ரோபனே என்ற இலங்கை பூதாகரமாக இருக்கும். இந்துமாக்கடலைச் சுற்றிலும் நிலம், ஒரு பெரிய ஏரி மாதிரி.

1513இல் ஸ்ட்ராஸ்பர்கில் அச்சிட்டவர்கள் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தாலமியின் 27 படங்களையும் கை வைக்காமல் அப்படியே போட்டார்கள். அப்புறம், கடலோடிகள் கண்டுவந்த சேதியும் சேர்ந்த 20 புதிய படங்களைப் பின்னால் சேர்த்தார்கள். பழைய உலகமும் புதிய உலகமும் ஒரே அட்டைக்குள். என்னிடம் இருப்பது அதன் நகல் பதிப்புதான். ஆனாலும் இந்தியாவை முன்பகுதியில் ஒரு தடவையும் பின்பகுதியில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு மூடும்போது, ஒரு தலைமுறையின் மனம் மாறியது கைக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

கேள்வி: ஒரு கடையில் 16ஆம் நூற்றாண்டு நிலப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். முழுப் புத்தகம் வாங்க வசதியில்லை. இந்த ஒற்றைத் தாளில் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தத் தாள் பெரும்பாலும் ஏதோ ஒரு நூலின் தையலைப் பிரித்து எடுத்ததாக இருக்கும். ஒவ்வொரு ஒற்றைத் தாளும் விலைபோகப் போக, இன்னொரு முழுப் புத்தகத்தைப் பிரிக்க யாருக்காவது ஆசை வரும்.

நிலப்பட வல்லுநர் ஓர்த்தேலியுஸ் 1570இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட நிலப்படத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 53 படத்தாள்கள். அவற்றோடு, தான் யார் யாருடைய படங்களைப் பார்த்து இதைச் செய்தேன் என்று 87 பேரைப் பட்டியல் போட்டு நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்ட யாரும் வாங்க மாட்டார்கள். புத்தகத்தைப் பிரிக்கிறவர் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். எனக்கோ அந்தப் பக்கம்தான் நூலின் உயிர். படத்தின் முதுகிலும் எழுத்து உண்டு. அந்த நாட்டைப் பற்றிய விளக்கம் லத்தீனில், ஜெர்மனில், பிரெஞ்சில் என்று பதிப்புக்குப் பதிப்பு மாறும். எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க அந்த எழுத்துதான் துணை. சட்டத்துக்குள் போனால் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. அமெரிக்கா என்ற பெயரை முதலில் தாங்கிய, ஜெர்மன் நிலப்பட வல்லுநர் வால்ட்சேமுல்லரின் 1507ஆம் ஆண்டுப் பெரிய உலகப் படம் 12 தாள்கள் கொண்டது. இன்று உலகத்தில் ஒரே ஒரு முழுப் பிரதிதான் இருக்கிறது. யோகான்னஸ் ஷோனர் என்ற அறிஞர் அந்தத் தாள்களை ஒரு புத்தகக் கட்டுக்குள் வைத்திருந்தார். 1901இல் ஜெர்மனியின் வொல்ஃபெக் கோட்டையில் அது அப்படியே கண்டெடுக்கப்பட்டது. சுவரில் ஒட்டப்பட்ட பிரதிகள் போயின, கட்டுக்குள் இருந்தது பிழைத்தது.

ஒற்றைத் தாள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் நிலப்பட வியாபாரி ஒருவர் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது வாசிப்பறைத் தரையில் கிடந்த சிறு கத்தி அலகு.

கேள்வி: வாங்கும் பிரதி முழுமையானதா, அசலா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: தாள் தாளாக எண்ணுவதுதான் வழி, குறுக்கு வழி இல்லை. பழைய நூல்களில் பக்க எண்ணை நம்பக் கூடாது. பக்கத்தின் அடியில் A, A2, A3 என்று மடிப்புக் குறி, அதாவது தாள்களை வரிசையாக வைத்துத் தைப்பதற்கான அடையாளம், இருக்கும். அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போங்கள். பெரிய நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் முழுப் பிரதியின் படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கந்தலில் கையால் செய்த அந்தக் காலத் தாளில் தாள் வார்த்த சட்டத்தின் கம்பிக் கோடுகள் தெரியும், நீர்க்குறி என்ற, தாளுக்குள் பதிந்த முத்திரையும் தெரியலாம். செப்புத்தகட்டுப் படமென்றால் சுற்றிலும் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஜெர்மன் கணித அறிஞர் ஆப்பியானின் காஸ்மோகிராஃபியா என்ற நூல் 1524இல் முதலில் வந்தது. அதன் பக்கங்களில் நூலிழை கோத்த காகித வட்டுகள் உண்டு. சுற்றினால் நேரமும் வான நிலையும் கணக்கிடலாம். அதன் பிற்காலப் பதிப்பு ஒன்றை 'முழுமையானது' என்ற சொல்லை நம்பி வாங்கினேன். ஒரு வட்டு மட்டும் மற்றவற்றைவிடச் சுலபமாகச் சுழன்றது. வெளிச்சத்தில் பிடித்தால் கோடே இல்லை! யாரோ பிற்காலத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நூலைத் திருப்பித் தரவில்லை. எது நகல் என்று பென்சிலால் ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு வாங்குகிறவர் ஏமாறக் கூடாது.

ஆண்டையும் சரிபாருங்கள். முன்பு சொன்ன போலோஞா தாலமியின் கடைசிப் பக்கத்தில் 1462 என்று அச்சாகியிருக்கிறது. உண்மையில் அது 1477.

கேள்வி: கொஞ்சப் பணத்தில் எந்த நூலில் தொடங்கலாம்?

பதில்: மாணவர்களுக்கென்று அச்சிட்ட சிறிய நூல்களில். குளுவேரியுஸின் புவியியல் அறிமுகம் 1624இல் வெளிவந்தது. நூறு ஆண்டுக்கு மேல் திரும்பத் திரும்ப அச்சானதால் இன்றும் கிடைக்கிறது. என் முதல் நூல் அதுதான். முதுகு உடைந்த, படங்கள் பாதி இல்லாத பிரதி. ஓரமெல்லாம் ஏதோ ஒரு மாணவர் மையில் கோடு போட்டிருக்கிறார். வாரேனியுஸின் 1650ஆம் ஆண்டுப் புவியியல் நூலையும் தேடுங்கள். அதை 1672இல் கேம்பிரிட்ஜில் பதிப்பித்தவர் ஐசக் நியூட்டன்.

கேள்வி: வண்ணம் தீட்டிய பழைய படத்தில் பச்சை நிறம் உள்ள இடம் மட்டும் பழுப்பாகி உடைகிறது. என்ன செய்வது?

பதில்: அது தாமிரத்திலிருந்து செய்த பச்சை. தாளைத் தின்றுகொண்டே போகும். ஈரம் பட்டால் வேகமாகத் தின்னும். நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். ஒட்டுநாடா கூடவே கூடாது. அந்தத் தாளை மடக்காமல், படுக்கை நிலையில், வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்தப் படம் நூலுக்குள் இருந்தால், அதுவரை நூலைப் பாதிக்கு மேல் விரிக்காதீர்கள்.