பழைய பொருட்களில் புராணக் கதை நகை செய்ய முடியுமா?

உடைந்த கடிகாரம், பழைய ஒயர், அறுந்த மணிமாலை இருக்கின்றன, இவற்றில் புராணக் கதைகளை ஒட்டி நகை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் தெய்வத்தின் முகத்தைச் செய்யப் போகாதீர்கள், சின்ன அளவில் அது சரியாக வராது. கதையிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுங்கள். கிரேக்கக் கதையில் பெர்செபனி என்ற பெண் தெய்வம் மாதுளை முத்துகளைத் தின்றதால்தான் ஆண்டில் சில மாதம் பாதாளத்தில் இருக்க வேண்டியதாயிற்று. சிவப்புக் கண்ணாடி மணிகள் ஆறேழு போதும், கதை காதில் தொங்கும்.

அதே கிரேக்கக் கதைகளில் வரும் அரக்கி மெதூசாவின் பாம்புக் கூந்தலுக்கு ஒயரின் செம்புக் கம்பிதான் சரி. உறையை எரிக்காதீர்கள், அந்தப் பிவிசி பிளாஸ்டிக்கின் புகை நச்சு. கத்தியால் சீவி எடுங்கள். வளைக்க வளைக்கச் செம்பு இறுகி, கடைசியில் ஒடிந்துவிடும். மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். (எஃகுக்கு இது நேர்மாறு!) அவித்த முட்டையை நசுக்கி, நகையோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். கந்தக ஆவியில் செம்பு கறுக்கும். மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டால் பாம்பின் நெளிவு பளிச்சென்று தெரியும்.

கடிகாரத்தில்தான் கவனம் தேவை. 1970-க்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ளவற்றில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கலாம், திறக்கவே வேண்டாம். அப்புறம், காதுக்குள் நுழையும் கொக்கியை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையதில் நிக்கல் இருந்தால் சிலருக்கு அரிக்கும்.