பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். நிலத்தை வைத்துக் கடன் வாங்கி வெளிநாட்டில் நானோ சயின்ஸ் முதுகலை படிக்கலாமா?

திருவாரூர்ப் பக்கம், அப்பா பேரில் மூன்று ஏக்கர் நஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு இருக்கட்டும், முதலில் அந்த மூன்று ஏக்கரைப் பேசுவோம்.

நான் மன்னார்குடிப் பக்கம். குறுவை அறுப்பு முடிந்த கையோடு சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் வங்கிக்குப் போனோம். மேலாளர் பையைப் பிரிக்கவே விடவில்லை. “நஞ்சைங்களா? வீடு, மனை ஏதாவது இருந்தா கொண்டாங்க” என்றார். பொதுத்துறை வங்கிகளில் கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பார்கள். கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. பிறகு எப்படி வாங்குவார்கள்? கடைசியில் மாமாவின் வீட்டுமனைதான் பிணையாகப் போனது. இன்றுவரை தீபாவளிக்கு அவருக்கு வேட்டி என் செலவு.

ஜெர்மனி அரசுப் பல்கலைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மை (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது). ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 வீதம்தான் எடுக்க முடியும்.

சரி, படிப்பு. கோடையில் நம் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்தக் களிமண்ணில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமன்தான். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த இடைவெளி விரிவதை லேபில் எக்ஸ்ரே வரைபடத்தில் பார்த்த அன்று, வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் நாள் வெடிப்புக்குள் அது இறங்குகிற சத்தம் காதில் கேட்டது. இப்படி ஒரு ஆர்வம் இருந்தால் போங்கள். ‘நானோ’ என்ற பெயருக்காகப் போகாதீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் அதிகம் வராது. மெல்லிய படலம், லித்தோகிராஃபி (ஒளியால் நுண்வடிவம் பதிப்பது), எலக்ட்ரான் நுண்ணோக்கி என்று கைத்தொழிலைத்தான் கேட்பார்கள். அதனால் பாடத்திட்டத்தில் க்ளீன்ரூம் (தூசி புகாத ஆய்வறை) பயிற்சி எத்தனை வாரம் என்று தேடுங்கள்.

எனக்கு முதல் நாள் க்ளீன்ரூம் வாசலிலேயே தடை. நெற்றித் திருநீறு! பவுடர், மை எதுவும் கூடாது, தூள் உதிரும். பென்சிலுக்கும் அதே கதி. துடைத்துவிட்டு, தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு நுழைந்தால் உள்ளே எல்லாம் மஞ்சள் வெளிச்சம், பழைய சோடியம் விளக்கு எரியும் பஸ் ஸ்டாண்டு மாதிரி. நீல ஒளி பட்டால், லித்தோகிராஃபிக்குப் பூசும் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சு கெட்டுவிடுமாம்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலை ஒருங்கிணைக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் (ஐரோப்பியப் பல்கலைகள் சேர்ந்து நடத்தும் முதுகலைத் திட்டம்) நானோ படிப்பையும் பாருங்கள், உதவித்தொகை கிடைத்தால் மாமா வீட்டுமனை தேவைப்படாது. மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில பல்கலைகள் ஏற்கும், சில ஏற்காது. பணம் கட்டும் முன் நீங்களே மின்னஞ்சலில் கேளுங்கள். எனக்கு ஒரு ஏஜென்சி “எல்லா இடத்திலும் எடுப்பாங்க தம்பி” என்று சொல்லி இரண்டு விண்ணப்பத்தை வீணாக்கியது. ஜெர்மனி என்றால் நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். மார்க் ஷீட்டில் அப்பா பெயரின் இனிஷியல் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.