மெஷின் தையலுக்கு எத்தனை மதிப்பெண் குறைக்கலாம்?

கேள்வி: அக்கா, நான் நான்கு வருடமாக அமெரிக்காவில் எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்) குழுவில் இருக்கிறேன். இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை உடுத்தியும் நெய்தும் சமைத்தும் பார்க்கிறவர்கள் நாங்கள். அடுத்த கைவினைப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். 14-ம் நூற்றாண்டுக் கம்பளி அங்கி ஒன்று வருகிறதாம், பக்கத் தையலெல்லாம் மெஷினில் அடித்ததாம். எவ்வளவு குறைப்பது? கறாராக இருப்பதா, விட்டுக்கொடுப்பதா?
– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: 1966-ல் பெர்க்லியில் ஒரு வீட்டுப் பின்தோட்டத்தில் கூடிய நண்பர்கள் தொடங்கிய குழு உங்களுடையது. இன்றும் அதில் பெரும்பாலானவர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் ஊசி பிடிப்பவர்கள்தான். மதிப்பெண் போடும்போது இது மனதில் இருக்கட்டும்.

அங்கியைக் கையில் வாங்கியதும் தையலைத் தேடாதீர்கள். துணியை வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். 1936-ல் ஸ்வீடனில் பொக்ஸ்டென் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் இடைக்காலத்து மனிதன் ஒருவனின் உடல் உடையோடு கிடைத்தது. அவன் அங்கியில் இடுப்புக்குக் கீழே விரிவு கொடுக்க முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் முக்கோணத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். துணி விலை உயர்ந்த காலம். நூற்று, நெய்து வந்த துணியில் ஒரு சாண்கூட வீணாகாமல் நேர்கோட்டில் வெட்டும் யோசனை அது. இன்றைய கடைப் பேட்டர்னை வைத்து வளைத்து வெட்டிவிட்டு முழுவதும் கையால் தைத்தவரையும், அந்த முக்கோணங்களைப் புரிந்து வெட்டிவிட்டு உள்தையலை மட்டும் மெஷினில் அடித்தவரையும் பக்கத்தில் வைத்தால், நான் இரண்டாமவருக்குத்தான் அதிகம் போடுவேன். அவர்தான் அந்தக் காலத்துத் தையல்காரரின் தலைக்குள் போய்வந்தவர்.

அதற்காக மெஷின் தையலைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. குறையுங்கள், ஆனால் ஒரே இடத்தில். பல மதிப்பெண் தாள்களில் வேலைத்திறன், காலப் பொருத்தம், கடினம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒரே தையலுக்காக மூன்றிலும் வெட்டிவிடுகிறோம், நம்மை அறியாமலே. கழுத்து, கைவிளிம்பு, கீழ்மடிப்பு என வெளியே தெரியும் இடங்களில் மெஷின் ஓடியிருந்தால் கண்டிப்பாகக் குறையுங்கள். ‘முழுவதும் கைத்தையல்’ என்று எழுதிவிட்டு உள்ளே மெஷின் இருந்தால் எனக்கு இரக்கமே கிடையாது. அது நம்மை ஏமாற்றுவது.

ஒரு விஷயம் சொல்கிறேன், இன்றும் உறுத்துகிறது. நான் நடுவரான புதிதில் ஒரு பெண்ணின் அங்கியைப் புரட்டி, பக்கத் தையலைப் பார்த்தவுடனே எண்ணைப் போட்டுவிட்டேன். எதை எப்படிச் செய்தேன் என்று போட்டியாளர் கூடவே தரும் ஆவணக் குறிப்பின் நான்காம் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். மூட்டுவலியால் ஒரு நாளில் அரைமணிக்கு மேல் ஊசி பிடிக்க முடியாது, அந்த அரைமணிகளை எல்லாம் பித்தான் துளைகளுக்குக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தார். லண்டன் தேம்ஸ் கரையில் அகழ்ந்தெடுத்த துணித்துண்டுகளில் உள்ளதுபோல, பட்டுத் துணி உள்வைத்துத் தைத்த துளைகள். அவ்வளவு நேர்த்தி. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. அப்போது முதல், எண் போடும் முன் போட்டியாளரிடம் கேட்டுவிடுகிறேன்: “இதில் நீங்கள் தெரிந்தே மாற்றியது எது, ஏன்?” பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். நீங்களும் கேளுங்கள்.

அப்புறம், ‘பொக்ஸ்டென் அங்கியில் லினன் நூல் இல்லையே, நீங்கள் ஏன் லினனில் தைத்தீர்கள்’ என்று யாரையும் மடக்க வேண்டாம். சதுப்பின் அமில நீரில் கம்பளி நிற்கும், லினன் கரைந்துபோகும். கிடைக்கவில்லை என்பதால் அன்று இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: இடைக்காலக் குடுவை செய்தேன். ஈயம் கலக்காத மெருகு பூசியதற்கு ‘காலத்துக்குப் பொருந்தவில்லை’ என்று எழுதிவிட்டார் நடுவர். நியாயமா?
– ஒரு வாசகர்

பதில்: நியாயமில்லை. அன்றைய ஐரோப்பியக் குயவர்கள் பெரும்பாலும் ஈய மெருகுதான் பூசினார்கள், உண்மை. ஆனால் குடிக்கிற பாத்திரத்தில் ஈயத்தைக் கேட்க எந்த நடுவருக்கும் உரிமை இல்லை. ஏடுகளில் வண்ணம் தீட்டுகிறவர்களின் தாளகம் என்ற மஞ்சளும் சாதிலிங்கம் என்ற சிவப்பும் இப்படித்தான். ஒன்றில் ஆர்சனிக், மற்றதில் பாதரசம். மாற்று நிறம் எதைப் போட்டீர்கள், மூலத்துக்கு எவ்வளவு நெருங்கியது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். உங்கள் மெருகின் நிறமும் மினுமினுப்பும் ஈய மெருகைப்போல வந்திருந்தால் அது கூடுதல் திறமை. அடுத்த முறை ஒரு சிறு சில்லில் சோதித்துப் பார்த்ததையும் கூடவே வையுங்கள்.

கேள்வி: 13-ம் நூற்றாண்டுத் துணி நெய்யக் கம்பளி நூலை ராட்டையில் நூற்றேன். ‘கைக்கதிரான தக்ளிதான் சரி, ராட்டை ஏமாற்று’ என்கிறார்கள். மனது விட்டுப்போனது அக்கா.
– ஒரு வாசகி

பதில்: மனதை விடாதீர்கள். 13-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கு ராட்டை வந்துவிட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஷ்பையர் நகர நெசவு விதி ஒன்று, ராட்டை நூலைக் குறுக்கே ஓடும் ஊடுக்கு அனுமதித்தது, நீளவாட்டில் ஓடும் பாவுக்குத் தடுத்தது. பாவு தறியில் இழுபடும், ராட்டை நூல் அதைத் தாங்காது என்ற கவலை. வேகமும் வேண்டும், துணியும் நிற்க வேண்டும் என்று அவர்களே அன்று திண்டாடியிருக்கிறார்கள் பாருங்கள்!

ஆனால் உங்கள் ராட்டை எது? காலால் மிதித்து, முறுக்கும்போதே நூலைச் சுற்றிக்கொள்ளும் வகை என்றால் அது 13-ம் நூற்றாண்டுக்கு உரியதல்ல. தானாகச் சுற்றிக்கொள்ளும் அமைப்பே 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் படங்களில் தென்படுகிறது. அன்று இருந்தது கையால் சுழற்றும் பெரிய சக்கரம். உங்களுடையது மிதிராட்டை என்றால் அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். அடுத்த துணிக்குப் பாவைத் தக்ளியிலும் ஊடை ராட்டையிலும் நூற்று, குறிப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். இரண்டு நூலிலும் ஒரு முழம் தனியாக எடுத்துப் போங்கள். நடுவர் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.