வீட்டு விருந்தில் அப்பிடைசரும் மொக்டெயிலும் எதற்கு? வன்னியில் எளிதாக என்ன செய்யலாம்?

அப்பிடைசர் என்பது பெரிய சாப்பாட்டுக்கு முன் கொஞ்சமாகக் கொறிக்கத் தருவது. கொக்டெயில் மது கலந்த பானம். மது இல்லாமல் அதே மாதிரிக் கலப்பது மொக்டெயில். உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும், பசி எழும். கைப்பம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதுபோலத்தான். அதனால் அளவு சிறிதாக இருக்கட்டும். ஆளுக்கு நாலு ரோல்ஸ் வைத்தால் சோறு மிஞ்சும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நத்தாருக்கோ பொங்கலுக்கோ ஆட்கள் வந்தால், தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையே போதும். இறால் கிடைத்தால் வடை போடலாம். ஆனால் சூடாகக் கொடுக்க ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும், அதுதான் சிக்கல். குடிக்க, விளாம்பழத்தைக் கரைத்து வடித்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது தேசிக்காய்ச் சாறு, இஞ்சி, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. சோடாவை நன்றாகக் குளிரவைத்து, பரிமாறும்போது கடைசியாக ஊற்றுங்கள். குளிரில்தான் வாயு கூடுதலாகத் தங்கும்.

சோடாவையும் சேர்த்துக் குலுக்கினால் பானம் நன்றாக நுரைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நுரையே வாயு வெளியேறுவதுதான், அப்புறம் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்.