போர் நினைவுக்கல்லைச் சீரமைக்கப் போகிறீர்களா? முதலில் பெயர்களைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் போரில் இறந்தவர்களுக்கான பழைய நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. படிகள் வைத்த பீடம், அதன்மேல் நான்கு முகத் தூண், முகங்களில் பெயர்கள். கல் கறுத்துப் பாசி பிடித்துவிட்டது. சில பெயர்களைப் படிக்க முடியவில்லை. எப்போதோ யாரோ கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அதை ஒட்டிய இடத்தில் கல் செதில் செதிலாக உதிர்கிறது. தூணும் சற்றுச் சாய்ந்தாற்போல் தெரிகிறது. பிரஷர் வாஷ் அடித்து, எழுத்துகளை ஆழமாக வெட்டி, மேலே வார்னிஷ் பூசலாம் என்று பணம் சேர்த்திருக்கிறோம். இது சரியா?

பதில்: பணம் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் அந்த மூன்று வேலைகளையும் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். அந்தக் கல்லில் விலைமதிப்பற்ற பகுதி, பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும் சில மில்லிமீட்டர் மேல்தோல்தான். பிரஷர் வாஷ் முதலில் அதைத்தான் அரித்துக்கொண்டு போகும். வார்னிஷ் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். கறுப்பும் பாசியும் பார்க்க வருத்தமாக இருந்தாலும், பெரும்பாலும் அவை அவசர ஆபத்து இல்லை. நீங்கள் சொன்னதில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்தச் சிமென்டும் சாய்வும்தான்.

எதையும் தொடும் முன் ஆவணப்படுத்துங்கள். இருட்டிய பிறகு, டார்ச்சைக் கல்லின் முகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். பகலில் தெரியாத எழுத்துகூட நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். ஒவ்வொரு வரியையும் இருப்பது இருக்கிறபடி, எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு, எழுதிவையுங்கள். பழைய புகைப்படம் எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நினைவுக்கல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். பட்டியலில் இருந்தால் அனுமதி இல்லாமல் உளி வைக்கக் கூடாது.

அடுத்து, என்ன கல் என்று தெரிய வேண்டும். கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்லாகவோ பளிங்காகவோ இருக்கலாம். அந்தக் கல்லின் பக்கம் ஆசிட் எந்த வடிவிலும் போகக் கூடாது. நுரைக்காவிட்டால் கருங்கல்லாகவோ மணற்கல்லாகவோ இருக்கலாம், ஆனால் அதற்காக ஆசிட் போடலாம் என்று அர்த்தமில்லை. இந்தச் சோதனையை நினைவுக்கல்லின் மேலேயே செய்துவிடாதீர்கள்.

இப்போது சிமென்டுக்கு வருவோம். கல்லை அடுக்கிக் கட்டிய எதிலும் மழைநீர் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். பழைய கட்டுமானத்தில் சந்துகளில் இருந்த சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் உள்ளது. உள்ளே போன ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். தேய்ந்தாலும் சாந்துதான் தேயும், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற வேண்டியதாகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு மேல்தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகி, தோலையே தள்ளிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் செதில்கள் அநேகமாக இப்படி வந்தவைதான். உறைபனி விழும் ஊர் என்றால் தேங்கிய ஈரம் பனியாகி விரிந்து இன்னும் வேகமாக உடைக்கும்.

ஆகவே சிமென்டை எடுக்க வேண்டும், ஆனால் கையால், சிறு உளியால், பொறுமையாக. கல் அறுக்கும் கிரைண்டர் ஒரு நொடி நழுவினாலும் கல்லின் விளிம்பு போய்விடும். சிமென்ட் கல்லை இறுகப் பிடித்திருந்து, எடுத்தால் விளிம்பும் பெயர்ந்துவரும் என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். தளர்ந்த இடங்களில் சந்தின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழமாவது சுரண்டி, தூசியை அகற்றி, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய மணல் என்பது வழக்கமான கலவை. மழை நேராக அடிக்கும் இடத்துக்கு நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு நல்லது. சாந்து கல்லின் முகத்தின்மேல் வழியாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு மூடி, வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பாற்றுங்கள். சிமென்ட் மட்டுமே தெரிந்த கொத்தனாரிடம் இதைக் கொடுக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை செய்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

சாய்வைப் பொறுத்தவரை, அது பழைய சாய்வா, இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. தூக்குக்குண்டு விட்டு அளந்து, தேதியோடு குறித்து, சில மாதங்கள் கழித்து மறுபடி அளங்கள். அதுவரை சுற்றிலும் கயிறு கட்டிக் குழந்தைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் மரவேரோ, கசியும் குழாயோ, புதிதாகத் தோண்டிய பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். கல் வெடித்த இடத்தில் துருக்கறை இருந்தால் உள்ளே இரும்புக் கவ்விகள் இருக்கலாம். இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைப்பதும், தூணை நிமிர்த்துவதும் கட்டமைப்புப் பொறியாளரும் கல் பாதுகாப்பு வல்லுநரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. கயிறு கட்டி இழுத்து நிமிர்த்த முயலவே வேண்டாம்.

கழுவுவது அப்புறம்தான். கல் உதிராத இடத்தில் மட்டும், சுத்தமான தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். பாசியை நன்றாக நனைத்து, ஊறவிட்டு, மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். காய்ந்த நிலையில் பிய்த்தால் கல்துகளும் கூடவே வரும். கம்பி பிரஷ் விட்டுச்செல்லும் இரும்புத் துணுக்குகள் பிறகு துருக்கறையாகும். பிளீச்சிங் பவுடர் உப்பை உள்ளே ஏற்றும். எதுவானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவுக்குச் செய்துபார்த்து, சில வாரங்கள் காத்திருங்கள்.

எழுத்துகளைத் திரும்ப வெட்டுவதில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எழுத்து அகலமாகும், முதலில் செதுக்கியவரின் கை அடையாளம் மறையும். தவறாக வெட்டிய பெயரைத் திருத்தவும் முடியாது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்று பழைய சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. பெயர்கள் விஷயத்தில் இதை நான் அப்படியே பின்பற்றுவேன். ஆரம்பத்தில் மை பூசிய எழுத்துகள் என்றால், அந்தத் தடயம் இருக்கும் இடங்களில் மட்டும் வல்லுநரைக் கொண்டு மறுபடி பூசலாம். படிக்கவே முடியாத பெயர்களை ராணுவப் பதிவுகளோடும் குடும்பங்களோடும் ஒப்பிட்டு உறுதிசெய்து, பக்கத்தில் தனியாக நிற்கும் பலகையில் முழுப் பட்டியலையும் பொறியுங்கள். பழைய கல்லில் துளை போட்டு மாட்ட வேண்டாம்.

சேர்த்த பணத்தில் முதல் செலவாக ஒரு கல் பாதுகாப்பு வல்லுநரை வரவழைத்து எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்குங்கள். ஒப்பந்தக்காரரிடம் எந்தச் சுண்ணாம்பு, எந்தக் கருவி, மாதிரிப் பகுதி எங்கே என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேலையைத் தர வேண்டாம்.